ஆடிக்கு முன்னால் எதை வைப்பது: குழுவா, குறுஞ்செய்தியா, பட்டன் போன் பன்னிரண்டா?

போன ஆடியில் எங்கள் ஊரில் ரத்தம் பார்த்திருக்க வேண்டியது. தப்பித்தோம்.

ஏற்காடு மலையடிவாரத்தில், சேலத்திலிருந்து வரும் டவுன் பஸ் வட்டம் அடித்துத் திரும்புகிற ஊர் எங்களுடையது. பஸ் திரும்புகிற இடத்திலேயே செல்போன் கடை வைத்திருக்கிறேன். ரீசார்ஜ், டிஸ்ப்ளே மாற்றுவது, ஆதார் பிரிண்ட், பசங்களுக்கு டெம்பர் கிளாஸ். யார் போனில் என்ன ஓடுகிறது என்று நான் கேட்பதில்லை, கண்ணில் பட்டுவிடும்.

கூழ் ஊற்றிய அன்று ராத்திரி எட்டேகாலுக்கு 23 விநாடி வீடியோ ஒன்று வந்தது. ஏரிக்கரை விளக்கடியில் ஒரு பையன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். சட்டையில் ரத்தம். சுற்றி நாலு பேர் நிற்கிறார்கள். வீடியோவில் பேச்சே இல்லை. அதன் கீழே வந்த ஆடியோதான் பேசியது: "நம்ம பையன காலனிக்காரனுங்க புடிச்சு வெச்சு அடிக்கிறானுங்க, வாங்கடா." எட்டே முக்காலுக்குள் மேலத்தெருவில் அறுபது எழுபது பேர் சேர்ந்துவிட்டார்கள். காலனியில் அதே வீடியோ வேறோர் ஆடியோவோடு சுற்றியது. அதில் அடி வாங்குகிறவன் காலனிப் பையன்.

நடந்தது என்னவோ இரண்டு பைக் மோதிக்கொண்டதுதான். விழுந்த மேலத்தெருப் பையனைக் காலனி ஆட்கள்தான் தூக்கி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள். காலனி முனையில் டீக்கடை வைத்திருக்கும் அக்கா, தனக்குத் தினமும் பால் ஊற்றுகிற மேலத்தெருக்காரருக்கு வீடியோ கால் போட்டார். "அண்ணா, உங்க தெருப் பையன் இங்க உக்காந்து பன்னு தின்னுக்கிட்டு இருக்கான், நீங்களே பாத்துக்குங்க." பையன் வாயில் பன்னோடு கையை ஆட்டினான். பால்காரர் அந்தப் போனை அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்தார். ஒன்பதரைக்கு ஏரிக்கரையில் நாய்கள் மட்டும் இருந்தன.

இந்த வருடம் கணக்கு முடித்தபோது கோயில் கமிட்டி மீதிப் பணத்திலிருந்து 30,000 ரூபாயை ஒதுக்கி, "இன்னொரு வாட்டி இப்படி ஆவாம இருக்க போன்லயே ஏதாச்சும் பண்ண முடியுமா பாரு தம்பி" என்று என் தலையில் கட்டியது. கமிட்டியில் காலனியிலிருந்தும் இரண்டு பேர் இருக்கிறார்கள். அதுவே நாலு வருடச் சண்டைக்குப் பிறகு வந்தது. ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒவ்வொன்றையும் விசாரித்து, வெளியூர்களிலும் வெளிநாடுகளிலும் இதையெல்லாம் யார் செய்து பார்த்தார்கள், என்ன ஆயிற்று என்று தேடி எழுதிவைத்தேன். வேறு ஊர்க் கமிட்டிகளும் இதே கேள்வியில் நிற்கும் என்பதால் இங்கே போடுகிறேன்.

என் அளவுகோலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எட்டேகாலுக்கும் எட்டே முக்காலுக்கும் நடுவே அரைமணி நேரம் இருந்தது. அந்த அரைமணிக்குள் வேலை செய்யாத எதுவும் எனக்கு இரண்டாம் பட்சம். அடுத்தது, அது ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்குத் தாண்ட வேண்டும். மலைமேல் சிக்னல் இல்லாத ஊருக்கும், சேகோ (ஜவ்வரிசி) ஆலையிலும் கொலுசுப் பட்டறையிலும் வேலை பார்க்கிற இந்திக்காரப் பையன்களுக்கும் ஏதாவது ஒரு வழி இருக்க வேண்டும். கடைசியாக, தீயணைக்க வாங்கிய குழாயில் பெட்ரோல் ஓடக் கூடாது.

நெட்டையே நிறுத்திவிட்டால்?

கமிட்டித் தலைவர் சொன்ன முதல் யோசனை இது. "ரெண்டு நாளைக்கு நெட்ட நிறுத்தச் சொல்லி கலெக்டர்கிட்ட மனு குடுத்துட்டா ஆச்சு." கலெக்டர் நினைத்தாலும் அவர் கையில் அது இல்லை. 2017-ல் வந்த விதிகளின்படியும், 2024-ல் அவற்றுக்குப் பதிலாக வந்த விதிகளின்படியும் மாநிலத்தில் பொதுவாக உள்துறைச் செயலாளர்தான் அந்த உத்தரவைப் போட முடியும். உத்தரவை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும், தேவைக்கு மீறி நிறுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் காஷ்மீர் வழக்கில் சொல்லியிருக்கிறது. தமிழ்நாட்டில் 2018 மே மாதம் தூத்துக்குடி துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு தூத்துக்குடி, நெல்லை, குமரி மூன்று மாவட்டங்களிலும் நிறுத்தினார்கள். அதே வருடம் மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போது இலங்கை அரசு ஃபேஸ்புக்கையும் வாட்ஸ்அப்பையும் ஒரு வாரம் முடக்கியது. பசங்கள் தடையைச் சுற்றிப் போகிற விபிஎன் செயலி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சட்டத்தை விடுங்கள். நெட் இல்லாவிட்டால் அக்காவின் வீடியோ காலும் இல்லை. "அடிக்கிறானுங்க" என்ற சொல் சாதாரண காலிலேயே ஓடிவிடும். பன் தின்கிற பையனைக் காட்டத்தான் நெட் வேண்டும். இந்த யோசனையை அத்தோடு மூடிவிட்டேன்.

ஊருக்கெல்லாம் ஒரே வாட்ஸ்அப் குழு

பெரும்பாலானவர்கள் கேட்டது இதைத்தான். பைசா செலவில்லை, எல்லோர் கையிலும் இருக்கிறது. இதில் நான் அதிக நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

வாட்ஸ்அப் என்றாலே எனக்கு 2018 மே மாதம்தான் ஞாபகம் வரும். திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் அத்திமூரில், குலதெய்வக் கோயிலைத் தேடி வந்த குடும்பம் வழி கேட்க வண்டியை நிறுத்தியது. வண்டியிலிருந்த 65 வயது அம்மா அங்கே நின்ற குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று ஊர் திரண்டு அடித்ததில் அந்த அம்மா செத்தே போனார். அந்த நாட்களில் நாடு முழுக்கச் சுற்றிய "பிள்ளை பிடிக்கிற" வீடியோ கராச்சியில் குழந்தைகள் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். பைக்கில் வந்தவர்கள் பிள்ளையைத் தூக்கிப் போவார்கள். பிறகு அவர்களே திருப்பிக் கொண்டுவந்து விட்டு, இவ்வளவு சுலபம் பாருங்கள் என்று ஒரு அட்டையைக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள். எங்கள் 23 விநாடியில் வெட்டக்கூட வேண்டியிருக்கவில்லை. ஆடியோ ஒன்றை ஒட்டினால் போதுமாக இருந்தது.

அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் 2018 ஜூலையில் இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து பேருக்கோ குழுவுக்கோ மேல் ஒரே தடவையில் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது. 2020-லிருந்து, பல கை மாறி இரட்டை அம்புக்குறி விழுந்த செய்தி ஒரு தடவைக்கு ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோதான் போகும். நல்ல காரியம். ஆனால் எங்கள் ஊருக்கு ஐந்து குழு போதும். மேலத்தெரு முழுதும் இரண்டே குழுவில் இருக்கிறது.

இங்கேதான் சிக்கல். குழுக்கள் தெருவாரியாக இருக்கின்றன என்று பேச்சுக்குச் சொல்கிறேன், உண்மையில் சாதிவாரியாக. சீட்டுக் குழு, கிரிக்கெட் குழு, கல்யாணப் பத்திரிகைக் குழு, எதை எடுத்தாலும் ஒரு பக்கத்து ஆட்கள்தான். 2015-ல் ஓமலூர் கோகுல்ராஜ் சாதி ஆணவக் கொலை வழக்கில் தேடப்பட்டவர், தலைமறைவாக இருந்த நாட்களிலும் வாட்ஸ்அப்பில் ஆடியோ விட்டுக்கொண்டிருந்தார். அது எந்தெந்தக் குழுவுக்குள் சுற்றியது, எதற்குள் சுற்றவில்லை என்று கடை வைத்திருக்கிறவனுக்குத் தெரியும். 2022 ஜூலையில் சின்னசேலம் பக்கம் கனியாமூரில் பள்ளி மாணவி இறந்த நாலாம் நாள் பஸ்களைக் கொளுத்திய கூட்டத்தைச் சேர்த்ததில் வாட்ஸ்அப் குழுக்களுக்குப் பங்கு உண்டு என்று போலீஸ் சொன்னது. கூட்டம் கூட்ட அதைவிட நல்ல கருவி இல்லை.

சரி, இரண்டு பக்கத்தையும் ஒரே குழுவில் போட்டால்? 1,024 பேர் வரை சேர்க்கலாம். எங்கள் ஊருக்குத் தாராளம். பக்கத்து ஊரில் செய்தார்கள். முதல் வாரம் குட் மார்னிங் படம். இரண்டாம் வாரம் ஒருவர் தலைவர் படத்தைப் போட்டார், இன்னொருவர் வேறு தலைவர் படத்தைப் போட்டார். மூன்றாம் வாரம் பாதிப் பேர் வெளியேறினார்கள்.

அட்மின் மட்டும் எழுதலாம் என்று பூட்டி வைத்தால் சண்டை வராது. உண்மைதான். ஆனால் அது பஞ்சாயத்து போர்டு நோட்டீஸ் மாதிரி ஆகிவிடும். வதந்தி அடுத்த குழுவில், தெரிந்தவன் குரலில், "வாங்கடா" என்று வருகிறது. மறுப்பு இங்கே "பொதுமக்களுக்குத் தெரிவிப்பது யாதெனில்" என்று வருகிறது. எது முதலில் காதில் விழும்? இன்னொன்றையும் என் கடையிலேயே பார்க்கிறேன்: பாதிப் பெண்கள் போனை மகனிடம் கொடுத்துத்தான் படிக்கச் சொல்கிறார்கள். எழுத்தைவிடக் குரல்தான் எங்கள் ஊரில் ஓடும்.

அட்மினாக இருந்தால் கேஸ் வருமா என்று எல்லோரும் பயந்தார்கள். அட்மின் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவர்மேல் வழக்கு நிற்காது என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 டிசம்பரில் சொல்லியிருக்கிறது. வதந்தியை அவர் தானே பரப்பினால் அது வேறு கதை.

ஆகவே குழு வேண்டாம் என்று சொல்லவில்லை. பூட்டிய குழு ஒன்று இருக்கட்டும், மறுநாள் காலையில் "நடந்தது இதுதான்" என்று போட உதவும். அரைமணி நேரத்துக்கு அது ஆகாது.

குறுஞ்செய்தி

பட்டன் போனுக்கும் போகும், நெட் வேண்டாம். கென்யாவில் 2007 டிசம்பர் தேர்தலுக்குப் பிறகு ஆயிரத்துக்கு மேற்பட்டோர் செத்த கலவரத்தில் வெறுப்பு எஸ்எம்எஸ்கள் பறந்தன. எஸ்எம்எஸ்ஸையே நிறுத்திவிடலாமா என்ற பேச்சு வந்தபோது, அந்நாட்டு செல்போன் கம்பெனியான சஃபாரிகாம் அமைதிச் செய்திகளை அனுப்பியது. நம் நாட்டில் 2012 ஆகஸ்ட்டில் வடகிழக்குப் பையன்கள் வதந்திக்குப் பயந்து பெங்களூரிலிருந்து ரயில் ரயிலாகக் கிளம்பியபோது, மத்திய அரசு ஒரு தடவையில் ஐந்து எஸ்எம்எஸ்ஸுக்கு மேல் அனுப்பக் கூடாது என்று 15 நாளைக்குத் தடை போட்டது. அந்தக் காலத்தில் தீ பரவிய வழியே எஸ்எம்எஸ்தான்.

இன்றைக்கு மொத்தமாக எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டுமென்றால், அனுப்புகிறவர் பதிவு செய்ய வேண்டும், அனுப்பப் போகும் வாசகத்தின் மாதிரியையும் முன்கூட்டியே ஒப்புதலுக்கு வைக்க வேண்டும். ஓடிபிக்கும் தள்ளுபடி விளம்பரத்துக்கும் சரி. நாளைக்கு எந்த வதந்தி வரும் என்று இன்றைக்கே எழுதிக் கொடுக்க நான் என்ன ஜோசியனா?

தமிழுக்கு இன்னோர் இடி இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 இடம், தமிழில் 70. அதிலும் கொம்பு, கால், புள்ளி ஒவ்வொன்றும் தனி இடம் பிடிக்கும். "வதந்தியை நம்பாதீர்கள்" என்று இரண்டு சொல் அடித்து எண்ணிப் பார்த்தேன். 21 இடம் போய்விட்டது. இன்னும் என்ன நடந்தது, எங்கே, யார் சொல்கிறார்கள் என்று ஒன்றுமே சொல்லவில்லை.

மிஸ்டு கால் கொடுத்தால் குரல்

எனக்கு மிகவும் பிடித்த யோசனை இதுதான், இதை விட்டுக்கொடுக்க மனசே வரவில்லை. சத்தீஸ்கரில் 2010-லிருந்து நடக்கும் சிஜிநெட் ஸ்வரா இந்த வழி. ஒரு நம்பருக்கு மிஸ்டு கால் கொடுத்தால் அது திருப்பிக் கூப்பிடும். ஒன்றை அழுத்தினால் நீங்கள் பேசிப் பதியலாம், இரண்டை அழுத்தினால் மற்றவர்கள் பேசியதைக் கேட்கலாம். பதிவானதை விசாரித்த பிறகுதான் வெளியே விடுவார்கள். ஒரு பக்கம் மாவோயிஸ்ட், இன்னொரு பக்கம் போலீஸ் என்று நடுவில் மாட்டிக்கொண்ட ஆதிவாசிகள் தங்கள் கோண்டி மொழியில் தங்கள் சங்கதியைச் சொல்ல அது ஒரு வழியானது.

எங்களுக்கு இது ஏன் பொருந்தும் என்றால், மேலே மலையாளி மக்கள் இருக்கிறார்கள். கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. சேர்வராயன் மலையில் சேலநாடு, மொகநாடு, முட்டநாடு என்று மூன்று நாடாக இருக்கும் பழங்குடிகள், தமிழ்தான் பேசுகிறார்கள். ஆடிக்கு அவர்கள் கீழே வருவார்கள். மே மாதம் சேர்வராயன் கோயில் விழாவுக்கு நாங்கள் மேலே போவோம். கீழே ஒரு சண்டை என்றால் மேலே அது மூன்று மடங்காகப் போய்ச் சேரும். எழுத்து வேண்டாம், ஸ்மார்ட்போன் வேண்டாம், காசு போகாது. இந்தியில் ஒரு பதிவு, ஒடியாவில் ஒரு பதிவு போட்டு வைக்கலாம்.

குறை என்ன? ஒன்று, ஒருவர் நாள் முழுக்க உட்கார்ந்து கேட்டு, விசாரித்து, விட வேண்டும். 30,000 ரூபாயில் அதற்கு ஆள் வைக்க முடியாது. விசாரிக்காமல் விட்டால் நாங்களே வதந்தி வானொலி நடத்தினதாகும். இரண்டு, மக்கள் தாமாகக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். ரத்தம் கொதிக்கிற நேரத்தில் யார் இரண்டை அழுத்துவார்கள்? மூன்று, மேலே சில ஊர்களில் சிக்னல் ஒரே ஒரு பாறைமேல்தான் கிடைக்கும். இடி இடித்தால் அதுவும் போச்சு. ஒன்றியம் அளவில், நாலைந்து பஞ்சாயத்து சேர்ந்து செய்தால் இதை மிஞ்ச ஒன்றுமில்லை. ஒற்றை ஊர்க் கமிட்டி தாங்காது.

மேப், செயலி, ரேடியோ

காலேஜ் படிக்கிற பையன்கள் செயலி என்றார்கள். கென்யக் கலவரம் நடந்துகொண்டிருந்த 2008 ஜனவரியிலேயே சில பேர் சேர்ந்து உஷாஹிதி என்ற தளத்தை உண்டாக்கினார்கள். சுவாஹிலியில் அதற்குச் "சாட்சியம்" என்று பொருள். எங்கே என்ன நடக்கிறது என்று மக்கள் செய்தி அனுப்ப, அது வரைபடத்தில் புள்ளியாக விழும். பத்திரிகையும் டிவியும் அடங்கியிருந்த நேரத்தில் பெரிய விஷயம். பிறகு ஹைத்தி நிலநடுக்கம் உட்பட எத்தனையோ இடத்தில் பயன்பட்டது. ஒரு நாட்டுக்கு, ஒரு மாநிலத்துக்குச் சரி. எங்கள் ஊரில் இருப்பது நாலு தெரு, ஒரு காலனி, ஒரு ஏரி. புள்ளி வைத்தால் காலனி எந்தப் பக்கம் என்று வெளியூர்க்காரனுக்கு வழிகாட்டினது மாதிரி ஆகும். அவசரத்துக்குப் போலீஸின் "காவல் உதவி" செயலியும் 112-ம் இருக்கவே இருக்கின்றன.

சமுதாய வானொலிக்கு லைசென்ஸ் வாங்கவே வருடம் ஓடும். வாங்கினாலும் ஆகாசவாணிச் செய்தியைத் தவிர வேறு செய்தி சொல்ல அனுமதி கிடையாது. ஒலிபெருக்கி பரவாயில்லை, கோயிலில் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் மைக் எந்தத் தெருவில் இருக்கிறதோ அந்தத் தெருவின் குரலாகத்தான் மற்றவர்களுக்குக் கேட்கும். முன்பு தண்டோரா போடுவார்கள். போடுகிறவர் எப்போதும் காலனி ஆள். 2022 ஆகஸ்ட்டில் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு கலெக்டர்களுக்குக் கடிதம் எழுதி அதை நிறுத்தச் சொன்னார். நல்லதே செய்தார்.

பன்னிரண்டு பேர்

கடைசியில் திரும்பத் திரும்ப என் மனசு போய் நின்றது பால்காரரிடமும் டீக்கடை அக்காவிடமும்தான். ஒருவர் நம்பர் மற்றவரிடம் இருந்தது. கூப்பிட்டால் எடுப்பார் என்ற நம்பிக்கை இருந்தது. இதைத் தற்செயலுக்கு விடாமல், எல்லாப் பக்கத்திலும் சேர்த்துப் பன்னிரண்டு பேர் கையில் போன் கொடுத்து ஏற்பாடாகச் செய்ய முடியாதா?

செய்திருக்கிறார்கள். வட அயர்லாந்தில் பெல்ஃபாஸ்ட் நகரில் கத்தோலிக்கர் தெருவுக்கும் புராட்டஸ்டன்ட் தெருவுக்கும் நடுவே சுவரே எழுப்பியிருக்கிறார்கள். 1996 கோடைக் கலவரத்துக்குப் பிறகு, இரண்டு பக்கத்துச் சமூக ஊழியர்களிடமும் செல்போன் கொடுத்து வைத்தார்கள். அந்தக் காலத்துச் செல்போன், பேச மட்டும்தான் முடியும். "உங்க பக்கம் கூட்டம் சேருதாமே, உண்மையா?" என்று ஒருவர் கேட்பார். "பசங்க கால்பந்து பார்த்துட்டு வர்றாங்க" என்று மற்றவர் சொல்வார். தங்கள் பக்கத்துப் பையன்களை அவரவர் அடக்குவார்கள். இதே செல்போனை வைத்துப் பையன்கள் சுவருக்கு அந்தப் பக்கத்துப் பையன்களோடு கல்லெறியச் சந்திப்பு குறித்ததும் பின்னால் நடந்தது. கருவிக்கு என்ன தெரியும்? ஆப்பிரிக்காவில் டவர் எட்டிய இடங்களில் வன்முறை கூடியதாக 2013-ல் ஓர் ஆய்வு வந்தது. ஈராக்கில் டவர் வந்த பிறகு குறைந்ததாக 2015-ல் இன்னோர் ஆய்வு வந்தது.

கென்யாவின் தானா ஆற்றுப் பகுதியில் ஒர்மா, பொக்கோமோ மக்களுக்கு இடையே 2012-13-ல் நடந்த வெட்டுக்குத்துக்குப் பிறகு "ஊனா ஹகீக்கா" என்ற ஏற்பாடு வந்தது. "உனக்கு நிச்சயமாத் தெரியுமா?" என்று பொருள். காதில் விழுந்த வதந்தியை ஒரு நம்பருக்கு அனுப்பினால், அந்தந்த ஊரில் இருக்கும் நம்பகமான ஆட்களிடம் விசாரித்து உண்மையைத் திருப்பிச் சொல்வார்கள். அந்தப் பெயரைப் படித்ததும் பெஞ்சில் தட்டிச் சிரித்தேன். எங்கள் ஊர்க் கூட்டத்தில் யாரும் யாரையும் கேட்காத கேள்வி அது ஒன்றுதான்.

போனே இல்லாமல் சாதித்ததும் உண்டு. மகாராஷ்டிரத்தில் பிவண்டி நம் பக்கத்து விசைத்தறி ஊர்கள் மாதிரிதான், தறிச் சத்தம் ஓயாத ஊர். 1970-லும் 1984-லும் மோசமான மதக்கலவரம். 1988-லிருந்து சுரேஷ் கோப்டே என்ற போலீஸ் அதிகாரி ஒவ்வொரு பேட்டையிலும் இரு தரப்பு ஆட்களையும் சேர்த்துக் கமிட்டி அமைத்துச் சும்மா இருக்கிற நாளில் கூடிப் பேச வைத்தார். 1992-93-ல் பக்கத்தில் மும்பை எரிந்தபோது பிவண்டி எரியவில்லை. பால்காரரும் அக்காவும் பத்து வருடமாகத் தினமும் காலையில் கூடுகிற கமிட்டிதானே?

இந்த வழியில் பாஷை ஒரு பெரிய விஷயம். 2018 பிப்ரவரியில் இலங்கையில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், கறியில் ஏதோ கட்டி கிடக்கிறது என்று சிங்கள வாடிக்கையாளர் ஒருவர் கத்தினார். கல்லாவில் இருந்தவருக்குத் தமிழ்தான் தெரியும், சிங்களம் அரைகுறை. மாவைப் பற்றித்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து ஆமாம் போட்டுவிட்டார். கேட்டது, மலட்டு மருந்து கலந்தாயா என்று. அந்த "ஆமாம்" வீடியோவாகப் பரவியது. கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. சில நாளில் கண்டிப் பக்கம் திகனவில் பெரிய கலவரம். பிறகு சோதித்தபோது கறியில் இருந்தது வெறும் மாவு.

அம்பாறைக்கு ஒரு சொல் போதுமாக இருந்தது என்றால் எங்கள் ஊர்ச் சேகோ ஆலைக்கும் அவ்வளவுதான் தூரம். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை வெட்டுகிறார்கள் என்று வேறு வேறு ஊர்ச் சண்டை வீடியோக்களைப் போட்டுப் பரப்பினார்கள். போலீஸ் இந்தியில் மறுப்புச் சொல்லி, உதவி எண் கொடுத்து, பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்துப் போகிற வரை பயம் அடங்கவில்லை. என் கடையில் அந்த வாரம் ரீசார்ஜ் போட வந்த ஒரு பையன், அம்மா வீட்டுக்கு வரச் சொல்லி அழுகிறாள் என்று போனைக் காட்டினான். அதில் ஓடியது தமிழ்நாட்டு வீடியோவே இல்லை. எனக்குத் தெரிந்தது, அவன் அம்மாவுக்கு எப்படித் தெரியும்? ஆகவே பன்னிரண்டில் ஒருவர் ஆலையில் வேலை பார்க்கும் இந்திக்கார மேஸ்திரி. அவரை "வடக்கன்" என்று கமிட்டியில் ஒருவர் சொல்ல, காலனி உறுப்பினர் எழுந்து சண்டை போட்டார். எனக்கு அது பிடித்திருந்தது.

முடிவு செய்தது இப்படி. மேலத்தெருவில் நாலு பேர், காலனியில் நாலு பேர், மற்றத் தெருக்களுக்கு இரண்டு, ஆலை மேஸ்திரி ஒருவர், மலையூர் ஆள் ஒருவர். ஆளுக்கொரு பட்டன் போன், 1,500 ரூபாய்க்குள். பன்னிரண்டுக்கு 18,000. பட்டன் போன் எதற்கு என்று சிரித்தார்கள். திருவிழா ராத்திரி எட்டு மணிக்கு ஸ்மார்ட்போனில் சார்ஜ் இருக்காது. இது மூன்று நாள் நிற்கும். அந்த நம்பர் வேறு யாருக்கும் தெரியாது, அதனால் அது அடித்தால் ஒரே அர்த்தம்தான். காட்ட வேண்டியது இருந்தால் அவரவர் சொந்தப் போனில் வீடியோ கால். மீதி 12,000 ஒரு வருட ரீசார்ஜுக்கும், மேஸ்திரியும் மலையூர்க்காரரும் கூட்டத்துக்கு வந்துபோகிற செலவுக்கும்.

விதி கொஞ்சம்தான். செய்தி அனுப்பக் கூடாது, பேச வேண்டும். அந்தப் பக்கத்து ஆளைத்தான் முதலில் கூப்பிட வேண்டும், தன் பக்கத்து ஆளை அல்ல. கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும். பார்க்கவில்லை என்றால் "போய்ப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டு நடக்க வேண்டும். ஆயுதத்தைப் பார்த்தால் பேச்சே வேண்டாம், 112.

இரண்டு இடத்தில் பலமாக இழுபறி ஆயிற்று. ஸ்டேஷன் நம்பரைப் பதின்மூன்றாவதாகச் சேர்க்கலாமா? காலனியிலிருந்து வந்த அண்ணன் சொன்னார்: "எல்லாத்தையும் அங்க சொன்னா, மொதல்ல எங்க பசங்க பேரத்தான் எழுதுவாங்க." அதற்கு யாரிடமும் பதில் இல்லை. சேர்க்கவில்லை.

இன்னொன்றை அவரே கேட்டார், அதுதான் எனக்கு உறைத்தது. "இந்தப் போன் வந்ததுக்கப்புறம், எங்க ஆள யாராச்சும் அடிச்சாலும் கேஸ் குடுக்காத, போன்ல பேசிக்கலாம்னு சொல்லுவீங்களா?" 2024 மே மாதம் தீவட்டிப்பட்டியில் கோயில் திருவிழாவையொட்டி இரு தரப்பு மோதிக் கடைகள் எரிந்தது இங்கிருந்து ஒரு மணி நேரத் தூரம், அமைதிப் பேச்சு என்றால் யார் எதை விட்டுக்கொடுப்பது என்று பேச்சு போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கினோம்: இந்தப் போன் பொய்யை நிறுத்த, நடந்த அடிக்குப் புகார் கொடுப்பதை யாரும் தடுக்கக் கூடாது. சாதி வன்கொடுமைக்கான 14566 நம்பரைப் பன்னிரண்டு போனிலும் நானே பதிந்து கொடுத்தேன். மேலத்தெரு ஆட்களில் ஒருவர் முகத்தைச் சுளித்தார், ஆனால் கையெழுத்துப் போட்டார்.

போன அமாவாசையன்று சாயங்காலம் ஏழு மணிக்கு யாரிடமும் சொல்லாமல் சோதனை அழைப்பு விட்டேன். பன்னிரண்டில் ஒன்பது பேர் எடுத்தார்கள். மலையூர்க்காரர் போன் பாறையை விட்டுக் கீழே இருந்தது. அடுத்த மழைக்குள் அந்தப் பாறைக்குப் பக்கத்து வீட்டுக்காரரையே பிடிக்க வேண்டும். ஆலை மேஸ்திரி நைட் ஷிப்ட், போனை லாக்கரில் வைத்துப் பூட்டியிருக்கிறார். மேலத்தெருவில் ஒருவர் போனை அவர் சம்சாரம் எடுத்தார்.

"அவரு தூங்கறாருங்க. என்ன விஷயம், ஏரிக்கரைப் பக்கமா? நான் போய்ப் பாத்துட்டு வந்து சொல்லட்டுங்களா?"

சோதனைதான் என்று சொன்னேன். மறுநாள் பட்டியலில் அவர் பெயரை அடித்துவிட்டு அந்த அம்மா பெயரை எழுதினோம்.